அந்தப் பேய்க்கே தெரியாது!

போன இதழில், ஒரு ஆங்கிலத் துப்பறியும் நாவலில் வரும் புத்தகக் கடைப் பேயோடு நாலு நாள் குடித்தனம் நடத்தியதைப் பற்றி இந்தப் பகுதியின் ஓரத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். வழக்கமாக எனக்கு வரும் தபாலில் முக்கால்வாசி, போட்டித் தேர்வுக்கு எந்தப் புத்தகம் படிக்கலாம் என்றுதான் இருக்கும். இந்த முறை பாதிக்குப் பாதி பேய். சரி, கேட்டவர்களுக்கெல்லாம் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கொலை நடக்கிறது, பேயும் வருகிறது. ஆனால் படித்துச் சிரித்தேன் என்கிறீர்கள். அது என்ன கதை? (வாசகி, கோவில்பட்டி)

கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். முடிவைச் சொல்ல மாட்டேன்; முப்பத்தொரு வருஷம் கிளை நூலகத்தில் உட்கார்ந்தவள், அந்தப் பாவத்தை மட்டும் செய்ததில்லை.

அமெரிக்க மாநிலங்களிலேயே பரப்பில் சிறியது ரோட் ஐலண்ட். அங்கே குவிண்டிகாட் என்று ஒரு கற்பனைச் சிற்றூர். கணவனை இழந்த பெனலபி, சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து தன் அத்தையின் பழைய புத்தகக் கடைக்கு வந்து சேர்கிறாள். கடையில் வியாபாரம் இல்லை. தூக்கி நிறுத்தலாம் என்று ஒரு பிரபல துப்பறியும் நாவலாசிரியரை அழைத்துக் கூட்டம் போடுகிறாள். நாற்காலியெல்லாம் நிரம்புகிறது. மனிதர் பேசிக்கொண்டிருக்கும்போதே விழுந்து செத்துப்போகிறார்.

அதே கட்டடத்தில் 1949-இல் ஒரு தனியார் துப்பறிவாளர் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார். பெயர் ஜாக் ஷெப்பர்ட். அவருடைய ஆவிதான் கடையில் குடியிருக்கிறது. குரல் பெனலபிக்கு மட்டும்தான் கேட்கும். வாய் தவறி உரக்கப் பதில் சொன்னால், எதிரே நிற்பவர் இவளை ஒரு மாதிரி பார்ப்பார். ஜாக்கோ பழைய கறுப்பு வெள்ளைப் படத்து ரவுடித்தனமான பாஷையில்தான் பேசுவார். அரை நூற்றாண்டில் உலகம் எங்கே போயிற்று என்றே தெரியாது. ஒரு மரியாதையான புத்தகக் கடைக்காரி, ஒரு முரட்டு ஆவி, இருவரும் அடிக்கும் வாய்ச்சண்டை. சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

புத்தகத்தின் பெயர் ‘தி கோஸ்ட் அண்ட் மிஸஸ் மெக்லூர்’. 2004-இல் வந்தது, அப்புறம் ஒரு வரிசையாகவே நீண்டது. அட்டையில் ஆலிஸ் கிம்பர்லி என்று இருக்கும். நம்முடைய சுபா மாதிரி, ஒரு பெயருக்குள் இரண்டு பேர். ஆலிஸ் கிம்பர்லியோ கணவன் மனைவி. ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து யாரைக் கொல்லலாம் என்று காபி குடித்தபடி பேசிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த வகைக்கு ஆங்கிலத்தில் ‘கோஸி’ என்று பெயர். கதகதப்பான, சொகுசான என்று அர்த்தம். தேநீர்க் கெண்டி ஆறாமல் இருக்க மேலே கவிழ்க்கிறார்களே, அந்தத் துணிக் குல்லாவுக்கும் அதே பெயர்தான். கொலை திரைக்குப் பின்னால் நடந்துவிடும், ரத்தம் நம் மேல் தெறிக்காது. துப்பறிகிறவர் போலீஸாக இருக்க மாட்டார். ரொட்டிக்கடைக்காரி, நூல் கடைக்காரி, நூலகர், இப்படி யாராவது. இந்த வகைக் கதைகளுக்கென்றே, இங்கிலாந்துத் துப்பறியும் நாவலாசிரியை அகதா கிறிஸ்டி பெயரால் அமெரிக்காவில் ஒரு விருது கொடுக்கிறார்கள். பரிசு என்ன தெரியுமா? ஒரு தேநீர்க் கெண்டி!

பேய் வந்துவிட்டாலே துப்பறியும் கதை செத்துப்போகாதா? கொலைகாரன் யார் என்று பேய்க்குத் தெரிந்திருக்குமே? (கல்லூரி மாணவர், பெரம்பலூர்)

தம்பி, இது சரியான கேள்வி. உங்களுக்கு முன்னாலேயே இதைக் கேட்டு ஒருவர் சட்டமே போட்டுவிட்டார். இங்கிலாந்தின் துப்பறியும் எழுத்தாளர் ரோனால்ட் நாக்ஸ், 1929-இல், துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். இரண்டாவது கட்டளை: அமானுஷ்ய சக்தி எதுவும் கதைக்குள் வரக்கூடாது. இதில் வேடிக்கை, நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பரிசுத்த ஆவியைக் கூப்பிடுகிறவர், திங்கட்கிழமை கதையில் ஆவி நுழையக்கூடாது என்று கதவைச் சாத்துகிறார்.

அடுத்த வருஷமே லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். கிறிஸ்டியும் அதில் உண்டு. சேருகிறவர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும்: என் துப்பறிவாளர் தெய்வ வாக்கை நம்ப மாட்டார், மந்திர தந்திரத்தை நம்ப மாட்டார், தற்செயலை நம்ப மாட்டார் என்று போகும் அந்தப் பட்டியலில், ‘பெண்ணின் உள்ளுணர்வு’ என்று ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வெளியே போகிற பையனை நடையை வைத்தே பிடித்தவள் நான். அந்தச் சங்கத்தில் எனக்கு இடம் கிடைத்திருக்காது.

இன்னொரு கூத்தும் உண்டு. பேய்களுக்கு இங்கே வேலை இல்லை என்ற பொருளில் ஷெர்லாக் ஹோம்ஸ் 1924-இல் ஒரு கதையில் சொல்கிறார். அதை எழுதிய கானன் டாயிலோ ஆவி உலகத்தை முழுசாக நம்பியவர். 1926 டிசம்பரில் அகதா கிறிஸ்டி திடீரென்று காணாமல் போனபோது, டாயில் அவருடைய கையுறை ஒன்றை வாங்கி, ஆவிகளோடு பேசுகிறவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்! பதினொரு நாள் கழித்து ஹாரகேட் என்ற ஊரின் ஹோட்டலில் கிறிஸ்டி கிடைத்தார். காட்டிக்கொடுத்தது ஆவி இல்லை. ஹோட்டலில் வாத்தியம் வாசித்தவர்கள் முகத்தை அடையாளம் கண்டு போலீஸுக்குச் சொன்னார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பேய்க்கு எல்லாம் தெரிந்தால் கதை மூன்றாம் பக்கத்தில் முடிந்துவிடும். அதனால் கைதேர்ந்தவர்கள் பேயின் காலில் ஒரு சங்கிலி போடுவார்கள். ஜாக் ஷெப்பர்டால் கடையை விட்டு வெளியே போக முடியாது. தன்னைச் சுட்டது யார் என்பதே அவருக்குத் தெரியாது. பிறகு வரும் கதைகளில், அவருடைய பழைய நாணயம் ஒன்றை பெனலபி பையில் போட்டுக்கொண்டால் கூடவே போகலாம் என்று கொஞ்சம் சங்கிலியைத் தளர்த்துகிறார்கள். அவ்வளவுதான். அவர் கொடுப்பது அனுபவம்: ஒருவன் பொய் சொன்னால் எங்கே பார்ப்பான், யாரிடம் எதை முதலில் கேட்க வேண்டும் என்ற தொழில் ரகசியம். வெயிலில் அலைந்து வீடு வீடாகக் கதவைத் தட்டுவது பெனலபிதான்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதா? விக்கிரமாதித்தன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு வேதாளம் என்ன செய்தது? வழியெல்லாம் கதை சொல்லிக் கடைசியில் கேள்வி கேட்டது. பதிலை ராஜாதான் கண்டுபிடிக்க வேண்டும். முருங்கை மரத்திலிருந்து இறங்கி ரோட் ஐலண்ட் போய்ச் சேர்ந்த வேதாளம்தான் ஜாக் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

நீங்கள் இந்த வகையில் எதை எடுத்தாலும் முதல் ஐம்பது பக்கத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள்: பேயால் என்னவெல்லாம் முடியாது என்று எழுதியவர் சொல்லிவிட்டாரா? சொல்லியிருந்தால் தைரியமாக மேலே படிக்கலாம். சொல்லாமல் நழுவினால், கடைசி அத்தியாயத்தில் பேய் எதையோ புதிதாகச் செய்து உங்களை ஏமாற்றப் போகிறது. அப்படி ஏமாந்து நான் சுவரோரம் எறிந்த புத்தகங்கள் மூன்று.

ஒரே சின்ன ஊரில் வருஷம் முழுக்கக் கொலை நடப்பதை எப்படி நம்புவது? (வாசகர், திண்டுக்கல்)

நம்பக்கூடாது, அதுதான் ஒப்பந்தம்! அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1984 முதல் 1996 வரை ‘மர்டர், ஷி ரோட்’ என்ற துப்பறியும் தொடர் ஓடியது. மொத்தம் 264 பகுதிகள். கதாநாயகியின் ஊர் காபட் கோவ்; அதன் மக்கள் தொகை மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம். அத்தனை பிணத்தையும் அந்த ஊரே தாங்காது என்று அவரை அடிக்கடி வெளியூர்களுக்கு அனுப்பிவைத்தார்கள்.

பேய் வந்து சொல்லி, நிஜமாகவே கொலைகாரன் பிடிபட்ட வழக்கு உண்டா? (வழக்கறிஞர், நாகர்கோவில்)

உண்டு என்று அமெரிக்காவில் சாலையோரம் பலகையே வைத்திருக்கிறார்கள். மேற்கு வர்ஜீனியா மாநிலம், கிரீன்பிரையர் மாவட்டம். 1896 இலையுதிர் காலத்தில் ஸோனா ஹீஸ்டர் என்ற பெண், ஊருக்குப் புதிதாக வந்த ஷூ என்ற கொல்லரைக் கல்யாணம் செய்துகொண்டாள். 1897 ஜனவரி 23. வீட்டில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டுவரச் சொல்லி ஷூ ஒரு சிறுவனை அனுப்புகிறார். அவன் போய்ப் பார்த்தால் ஸோனா தரையில் பிணமாகக் கிடக்கிறாள்.

மருத்துவர் வந்து சேருவதற்குள் ஷூ உடலை மாடிக்குத் தூக்கிப்போய், குளிப்பாட்டி, உடுத்தி வைத்துவிட்டார். அந்த ஊர் வழக்கப்படி அது பெண்கள் செய்கிற காரியம். கழுத்து வரை மூடிய, விறைப்பான காலர் வைத்த உடை. மருத்துவர் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனால் ஷூ மனைவியின் தலையைக் கட்டிக்கொண்டு கதறுகிறார். பரிசோதனை அத்தோடு முடிந்தது. அடக்கமும் ஆயிற்று.

ஸோனாவின் அம்மா மேரி ஜேனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மகளே வந்து சொல் என்று தினமும் ஜெபம் செய்தாள். நாலு ராத்திரி மகள் வந்தாளாம். சாப்பாட்டில் கறி சமைக்கவில்லை என்று கோபப்பட்டுக் கழுத்தை முறித்தான் என்று சொன்னாளாம். அம்மா நேராக அரசு வழக்கறிஞரிடம் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டாள். அவர் மருத்துவரை விசாரித்தார். பரிசோதனையை ஒழுங்காகச் செய்யவில்லை என்று மருத்துவரும் ஒப்புக்கொண்டார். பிப்ரவரியில் பிணத்தைத் தோண்டி எடுத்து, உள்ளூர்ப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் அறுத்துப் பார்த்தார்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தது, மூச்சுக்குழல் நசுங்கியிருந்தது.

வக்கீல் சார், உங்களுக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். வழக்கில் அரசுத் தரப்பு பேய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. மேரி ஜேனைக் கேலிக்கு ஆளாக்கலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல்தான் குறுக்கு விசாரணையில் அதைக் கிளறினார். கனவுதானே அம்மா, கனவுதானே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் அசையவில்லை. ஜூரிகள் முன்னால் பேயைக் கூண்டில் ஏற்றிய பெருமை எதிர்த்தரப்புக்கே சேரும். ஷூவுக்கு ஆயுள் தண்டனை. 1900-இல் சிறையிலேயே இறந்தார்.

மாப்பிள்ளை மேல் அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். ஒரு கிராமத்துப் பெண்ணின் சந்தேகத்தை யார் காதில் வாங்குவார்கள்? ‘எனக்குத் தோன்றுகிறது’ என்றால் போம்மா என்பார்கள். ‘செத்தவள் வந்து சொன்னாள்’ என்றால் கொஞ்சம் நிற்பார்கள். எனக்குப் பட்டது இது. அவளுக்கு என்ன பட்டதோ, அவளோடு போயிற்று. கறி சமைக்காததற்குக் கழுத்து என்பதைப் படித்த அன்று ராத்திரி என்னால் பேய்க் கதை எதையும் கையில் எடுக்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் புத்தகக் கடைப் பேயிடம் திரும்பினேன்.

எல்லாரும் ஆவியோடு பேசுகிற ஊர் என்று ஒரு நாவலில் படித்தேன். ஆசிரியரின் கற்பனைதானே? (வாசகி, காரைக்குடி)

லில்லி டேல்தானே? நிஜமாகவே இருக்கிறது அம்மா. நியூயார்க் மாநிலத்தில், பஃபலோ நகரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஏரிக்கரையோரம், 1879-இல் ஆவி நம்பிக்கையாளர்கள் அமைத்த சின்னக் குடியிருப்பு. ஆவியோடு பேசுகிறவர்கள் வீட்டு வாசலில், டாக்டர் வீட்டுப் பலகை மாதிரி, பெயர்ப் பலகை மாட்டியிருப்பார்கள். அதற்கும் தேர்வு வைத்துப் பதிவு செய்கிறார்கள். கோடைக்காலத்தில் ஊருக்குள் நுழையவே டிக்கெட்.

தமிழில் இந்த மாதிரி இல்லையா? (வாசகர், மன்னார்குடி)

தனித்தனியாக எல்லாம் இருக்கிறது. சேர்த்துப் பார்த்ததுதான் குறைவு. சிரிப்பு வேண்டுமென்றால் தேவனின் துப்பறியும் சாம்பு. 1942-இல் ஆனந்த விகடனில் வர ஆரம்பித்தவர், அசடு வழிய ஏதோ செய்வார், திருடன் அகப்பட்டுவிடுவான், இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்து நிற்பார். பேயா விஞ்ஞானமா என்று மூளையைக் கசக்க வேண்டுமென்றால் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’; கணேஷும் வசந்தும் அடித்துக்கொள்வதற்காகவே இன்னொரு முறை படிக்கலாம். ஊரும் சாமியும் மர்மமும் வேண்டுமென்றால் இந்திரா சௌந்தர்ராஜன். ‘விடாது கருப்பு’ டிவியில் ஓடிய நாட்களில், எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு யாரும் கொல்லைப்புறம் போகமாட்டார்கள்.

ஆனால் பாருங்கள், நம் ஊரில் கருப்பசாமியோடு உட்கார்ந்து அரட்டை அடிக்க முடியுமா? நம் கதைகளில் செத்தவர்கள் ஒன்று பழி வாங்குவார்கள், இல்லையென்றால் தெய்வமாகிவிடுவார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சும்மா தொணதொணக்கிற பேய் நமக்கு அமையவில்லை. தேரடித் தெருவில் ஒரு நோட்டுப்புத்தகக் கடை, அதில் 1960-களில் செத்துப்போன ஒரு பிழைதிருத்துபவரின் ஆவி, வருகிறவன் போகிறவன் சந்திப் பிழையையெல்லாம் திருத்திக்கொண்டே ஒரு கொலையையும் துப்பறிகிறது என்று யாராவது எழுதுங்களேன். நான் காசு கொடுத்து வாங்குகிறேன்.

எனக்கு ஆங்கிலம் தகராறு. படிக்க முடியுமா? (இல்லத்தரசி, ஓசூர்)

முடியும். பேச்சு அதிகம், வர்ணனை குறைவு, அத்தியாயங்கள் சின்னது. பெயர்கள்தான் தொல்லை, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரின் பின்பக்கம் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் அதையே பக்க அடையாளமாகவும் செருகிக்கொள்வேன். வரிசையின் முதல் புத்தகத்திலிருந்து ஆரம்பியுங்கள், நடுவில் குதிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்களுக்குப் பேய் நம்பிக்கை உண்டா? (பலர்)

எங்கள் நூலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒருநாள் வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணொருத்தி ஒரு மர்ம நாவலை என் மேசையில் தொப்பென்று போட்டாள். முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே, பென்சிலில் அழகாக ஒரே ஒரு பெயர். கொலைகாரனின் பெயர்! அலமாரியைக் குடைந்தேன். இன்னும் பதினொரு புத்தகத்தில் அதே சாய்ந்த எழுத்து, அதே நீளக் கொம்பு. ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில் வந்து உட்கார்ந்து, வழங்கல் பதிவேட்டை வைத்துக்கொண்டு தேடினேன். பன்னிரண்டு புத்தகத்தையும் எடுத்துப் போனவர் ஒரே ஒருவர்தான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நெற்றி நிறையத் திருநீறு.

கேட்டேன். மனிதர் வெட்கப்பட்டுப் போனார். “எனக்கு மறதி அதிகமாயிடுச்சும்மா. பாதி படிச்சப்புறம்தான் இது முன்னாடியே படிச்சதுன்னு தெரியுது. அதான் ஒரு குறிப்பு.” கையெழுத்து மட்டும் போடுங்களேன் சார் என்றேன். கையெழுத்தைப் பார்த்தால் கதை ஞாபகம் வருவதில்லையாம். கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வது என்று சமாதானம் ஆனோம். அடுத்த ஐப்பசி அடைமழையில் அவர் போய்ச் சேர்ந்தார்.

எட்டு மாதம் கழித்துப் புதுப் புத்தகக் கட்டு வந்தது. எண் போட்டு, முத்திரை குத்தி, அலமாரியில் நானே அடுக்கினேன். ஒரு மாதம் கழித்து அதில் ஒரு நாவலை எடுத்துப் புரட்டினால், முதல் பக்கத்தில் சாய்ந்த எழுத்து, நீளக் கொம்பு, பென்சில். தேதிச் சீட்டைப் பார்த்தேன். ஒரு முத்திரைகூட இல்லை. ஒருவரும் எடுத்துப் போகாத புத்தகம். கூட்டிப் பெருக்க வருகிற அம்மா அன்றிலிருந்து விளக்கு வைத்தபிறகு உள்ளே வர மறுத்துவிட்டாள்.

நான் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். எழுதியிருந்தது தப்பான பெயர். கொலை செய்தவன் வேறு ஆள்!

சார் ஒருநாளும் தப்பாக எழுதியவர் இல்லை. முழுசாகப் படிக்காமல் பெயர் எழுதுகிறவரும் இல்லை. அப்படியானால் நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து பாதி படித்துவிட்டு, பழைய புத்தகங்களைப் பார்த்து அந்தக் கையெழுத்தைப் பழகிக்கொண்ட யாரோ ஒரு குறும்புக்காரன். சன்னலோரம் பெஞ்சில் தினமும் உட்கார்கிற நாலு பையன்கள்மேல் எனக்குச் சந்தேகம். இல்லை, மறதி முற்றிய சாரே வந்தாரா?

அழிக்கலாம் என்று ரப்பரை எடுத்தேன். அப்புறம் டிராயரிலேயே போட்டுவிட்டேன். தப்பான பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்.